பூச்செண்டும் ஒரு பிசிறும்

பூவைத் தலையில் வைக்கத் தெரியாத பெண் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கையில் பிடிக்கத் தெரியாதவள் ஒருத்தி உண்டு. அது நான்தான். இருபத்து மூன்று வயது வரை எனக்கு அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. தெரிந்த பிறகு அதைச் சரிசெய்ய நான் எடுத்த முயற்சிகளைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு, முயற்சியே எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னால், அதை எங்கள் வீட்டில் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தையல் முடிகிற இடத்தில் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் நூலுக்குப் பிசிறு என்று பெயர். அதை ட்ரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். ட்ரிம்மர் கைக்கு எட்டாவிட்டால் நான் பல்லால் கடித்துத் துப்பிவிடுவேன். (எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற சட்டை. அந்த அம்மாக்களுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.)

ஆறு வருடம் இதே வேலை. அதன் பலன், பிசிறைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். பஸ்ஸில் முன்னால் நின்ற ஒரு அம்மாளின் ஜாக்கெட்டில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்துவிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்திருக்கிறேன்.

ஜெபராஜ் அதே கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். இருவருக்கும் பிடித்துப் போயிற்று. இருவர் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம் (எங்கள் வீட்டில் நான் சிறுமியாக இருக்கும்போதே திருப்பூருக்கு வந்துவிட்டோம்), இருவரும் ஒரே சபை. இனி என்ன தடை என்றுதான் நினைத்தோம். தடை அவருடைய அம்மா உருவத்தில் ஊரிலேயே இருந்தது. அவர் ஊரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு நிதானம் இருக்காது, எதையும் அவசரமாகச் செய்து எதையாவது கெடுத்து வைப்பாள் என்பது அவருடைய தீர்மானம். இரண்டு வருடம் அசையவில்லை. மகன் ஊருக்குப் போகும்போதெல்லாம் அரை வயிற்றோடு எழுந்ததைப் பார்த்துத்தான் கடைசியில் இறங்கி வந்தார். இறங்கி வந்தாரே தவிர, முகம் இறங்கி வரவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று என்னைத் தனியே அழைத்தார். சமையல் தெரியுமா என்று கேட்பார் என நினைத்து, தெரியாததையெல்லாம் தெரியும் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"கேட்டியா பிள்ளை, நான் ஒங்கிட்ட பெருசா ஒண்ணும் கேக்கல. பூச்செண்டு எங்க வீட்டு வழக்கம். நானே கையால கட்டிக் கொண்டு வருவேன். சபையில அத்தனை பேரு கண்ணும் ஒன் கையிலதான் இருக்கும். அத ஒழுங்கா பிடிச்சிட்டு நில்லு. பாக்குதவங்க ஒரு வார்த்த சொல்லிரக் கூடாது."

அவ்வளவுதான். இரண்டு வருடப் பகையைத் தீர்க்க அவர் வைத்த ஒரே பரீட்சை. இதில் தேறிவிட்டால் எனக்கு நிதானம் உண்டு என்று ஆகிவிடும், அந்த முகமும் இறங்கி வந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. ஒழுங்காகப் பிடிப்பது என்றால் எப்படி?

இது சாதாரணக் கேள்வி என்று நினைக்காதீர்கள். கல்யாணத்தில் எந்தக் காலை முதலில் வைப்பது, எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். கேட்காமலே சொல்வார்கள். பூச்செண்டை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்ல ஆளே இல்லை. அம்மாவைக் கேட்டேன். "கையாலதான்" என்றார்.

சரி, போட்டோவில் பார்ப்போம் என்று சபையில் தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களை எல்லாம் கடன் வாங்கினேன். செக்கிங்காரியின் கண்ணோடு ஒவ்வொரு மணப்பெண்ணாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நம் ஊரில் டேமேஜ் எவ்வளவு அதிகம் என்று. ஒருத்தி பூச்செண்டைத் தாடைக்கு நேராகப் பிடித்திருந்தாள். மூக்குக்குக் கீழே முகம் இல்லை, ரோஜாதான். இன்னொருத்தி சந்தையில் கோழி வாங்கி வருகிற மாதிரி தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரக்கா, பழக்கதோஷத்தில், நோட்டுக் கட்டு மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தார். பட்டுச்சேலையின் அழகான முந்தானை மடிப்பை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனையோ பேர். இதில் எது ஒழுங்கு? பார்க்கப் பார்க்க எனக்குக் கல்யாணப் பதற்றம் போய், இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்கிற ஆர்வம் பிடித்துக்கொண்டது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைப் போட்டேன். எங்கள் மேசைக்கு மேற்பார்வை சரஸ்வதியக்கா. காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். என்னை விடப் பத்து வயதுதான் மூத்தவர். எதையும் யோசித்துத்தான் பேசுவார். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்கண்ணு, எங்களுக்கு மாலைன்னா கழுத்துல போட்டமா, நின்னமான்னு முடிஞ்சுது. கையில பூவ வெச்சுட்டே நின்னா, மத்ததெல்லாம் எந்தக் கையில செய்வே?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அன்றைக்கே உட்கார்ந்து பதில் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அதற்குப் பதிலாகப் பயிற்சியில் இறங்கினோம். பூச்செண்டுக்கு எங்கே போவது? நூல் சுற்றிவரும் கோன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார் சரஸ்வதியக்கா. மேலே அகலம், கீழே பிடிக்க ஒடுக்கம். அச்சாகப் பூச்செண்டுதான். என்ன, எடைதான் ஒன்றரைக் கிலோ. தினமும் சாப்பாடு முடிந்ததும் செக்கிங் மேசையிலிருந்து அயர்ன் டேபிள் வரை கோனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பேன். மற்றவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குறை சொல்வார்கள்.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கண்டுபிடித்தது கொஞ்சநஞ்சமல்ல. பயந்தால் தோள் ஏறும். தோள் ஏறினால் பூவும் ஏறி முகத்தை மறைக்கும். இறுக்கிப் பிடித்தால் முழங்கை இரண்டும் வெளியே தள்ளி, சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். மணிக்கட்டை இடுப்பெலும்பின் மேல் லேசாகச் சாய்த்துவிட்டால் கையும் வலிக்காது, பூவும் ஏறாது. பூவின் முகம் நம்மைப் பார்க்கக் கூடாது, எதிரில் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். சரஸ்வதியக்கா டேப்பை எடுத்து, தோளிலிருந்து பதினேழு இஞ்ச் என்று அளந்து, அரை இஞ்ச் ஏறலாம் இறங்கலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனியில் எந்த ஆர்டருக்கும் இவ்வளவு கவனமாக வேலை நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நான் கோனோடு நடந்துகொண்டிருந்தபோது, ஓவர்லாக் மிஷின் பார்க்க வந்த ஜெபராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். மிஷினைப் பார்க்காமலே திரும்பிப் போனார். சாயங்காலம் கேட் அருகே என்னிடம் வந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்கம்மா சொன்னதுக்கு நீ இவ்ளோ பயப்படுவேன்னு நினைக்கல, எஸ்தர். வாழ்க்க பூரா இப்படி பயந்துகிட்டு இருக்கணுமான்னு உனக்குத் தோணிச்சுன்னா, கடைசி நிமிஷத்துலகூட சொல்லிரு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஒரு மனிதன் இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "வலது கை மேல இருக்கணுமா, இடது கை மேல இருக்கணுமா?" அவருக்கு அதில் அபிப்பிராயம் இருக்கவில்லை. போய்விட்டார். பதில் சொல்லாமல் விட்டோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. அப்போது என் தலைக்குள் பூச்செண்டைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

கல்யாணம் திருப்பூரிலேயே, எங்கள் சபையில். வேன் பிடித்து ஊர்க்காரர்கள் வந்திறங்கியிருந்தார்கள். ஜெபராஜின் அம்மா, அதாவது இனி எனக்கு அத்தை, காலையில் பூ மார்க்கெட்டுக்குத் தானே போய், வெள்ளை ரோஜாவும் சம்பங்கியும் கொஞ்சம் பச்சையும் வாங்கிக் கட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். காம்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். அவ்வளவு அழகான பூச்செண்டை நான் கடன் வாங்கிய எந்த ஆல்பத்திலும் பார்த்ததில்லை. கோனுக்குப் பழகிய கைக்கு அது காற்று மாதிரி இருந்தது.

நடந்தேன். தோள் ஏறவில்லை, முழங்கை தள்ளவில்லை, பதினேழு இஞ்சில் அரை இஞ்ச் பிசகவில்லை. பின் வரிசையில் பட்டுச்சேலை கட்டி வந்திருந்த சரஸ்வதியக்கா, பீஸ் பாஸ் என்று கட்டை விரலைக் காட்டினார். முதல் வரிசையில் அத்தை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தலை லேசாக ஆடியது. தேறிவிட்டேன்.

நான் பயிற்சி எடுத்தது நடப்பதற்கு மட்டும். உட்காருவதற்கு எடுக்கவில்லை. போதகர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் என்பதால் பிரசங்கத்தை என் சின்ன வயதிலிருந்தே தொடங்கினார். நான் மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள்ளேயே அரை மணி நேரம் ஆகிவிட்டது. பூச்செண்டு மடியில். கைகளுக்கு வேலை இல்லை. ஆறு வருடமாக ஒரு நிமிஷம் சும்மா இருந்திராத கைகள். எப்போது தலைகீழாகத் திருப்பினேன் என்றே தெரியாது, பூச்செண்டின் அடிப்பக்கம் என் முகத்துக்கு நேரே இருந்தது. ரிப்பனுக்குக் கீழே, ஒன்றரை இஞ்ச் நீளத்தில், வெள்ளையாக ஒரு பிசிறு.

தையல் டீச்சர் கட்டிய பூச்செண்டில் பிசிறா? முதலில் ஆச்சரியம்தான். அப்புறம் பதறிப்போனேன். அத்தனை பேர் கண்ணும் கையில்தான் இருக்கும் என்றாரே, ஒரு வார்த்தை வந்துவிட்டால்? அந்த நேரம் பார்த்து போதகர், எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம் என்றார். நூற்றைம்பது பேர் கண்ணை மூடினார்கள். நான் பயபக்தியோடு தலையைக் குனிந்தேன். கடித்தேன். துப்ப இடமில்லாததால் விழுங்கினேன்.

ஆமென் சொல்லும்போது ஒரு ரோஜா நழுவி என் மடியில் விழுந்தது. அடுத்து ஒரு சம்பங்கி. உள்ளங்கைக்குள் காம்புகள் ஒவ்வொன்றாகத் தளர்வதை உணர்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது, நான் கடித்தது பிசிறு அல்ல என்று. ரிப்பன் அழகுக்கு. மொத்தப் பூவையும் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரே நூல்தான். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அதுவரை கற்ற முழங்கையும் போயிற்று, மணிக்கட்டும் போயிற்று. கழுத்தை நெரிக்கிற பிடி அது.

எழுந்து நின்றோம். போதகர் ஜெபராஜிடம் சம்மதம் கேட்டார்; அவர் சொன்னார். என்னிடம் கேட்டார். என் கவனமெல்லாம் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தப்பிக்கப் பார்த்த ஒரு காம்பில் இருந்தது. மறுபடி கேட்டார். பக்கத்தில் நின்ற தங்கை முழங்கையால் இடித்தாள். திடுக்கிட்டு, மேற்பார்வையாளர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி, மைக்கில் "சரிங்க" என்றேன். தெற்கேயிருந்து வேனில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து, வலது கையைக் கொடு என்றார் போதகர்.

இந்த இடத்தில் மணப்பெண் பூச்செண்டைத் தோழியிடம் கொடுக்க வேண்டும். என் தங்கை அதற்காகவே நின்றாள். கையை நீட்டினாள். கொடுத்தால் அவள் கைக்குப் போவது பூச்செண்டு அல்ல, ஒரு கூடை உதிரிப்பூ. வேண்டாம் என்று அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் விடாமல் நீட்டினாள். இன்னும் பலமாக ஆட்டினேன். நான் ஆட்டியது தங்கைக்கு. ஆனால் சபையில் அத்தனை பேரும் பார்த்தது, ஜெபராஜ் கை நீட்டிக்கொண்டு நிற்க, மணப்பெண் இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டுவதைத்தான்.

போதகர் மூன்றாம் முறையாகச் சம்மதம் கேட்டபோது அவர் குரலே இறங்கிவிட்டது. மைக் என் வாய்க்கு முன்னால் இருக்க, முதல் வரிசையில் அத்தை இருக்க, நான் எதைச் சொல்ல? நீங்கள் கட்டித் தந்த பூச்செண்டைக் கடித்துவிட்டேன் என்றா? ஏதாவது வழி பிறக்காதா என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெபராஜின் கையைப் பார்த்தேன். நீட்டியிருந்த கை மெல்லப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கேட் அருகே கேட்டதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது என்கிற மாதிரி, சின்னதாகத் தலையை அசைத்தார். பூ, பரீட்சை, நிதானம் எல்லாம் அந்த நொடியில் பறந்துவிட்டன. நான் பேசினேன். மைக்கில்தான்.

"கை குடுத்தா பூ எல்லாம் கொட்டிரும். நான் நூலக் கடிச்சிட்டேன்."

முதல் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அத்தை எழுந்து பீடத்துக்கு வந்தார். அவர் குனிந்து காம்பைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார்.

"கடிச்சியா?"

"பிசிறுன்னு நினைச்சேன் அத்தை."

"அது முடிச்சு பிள்ளை."

இதுவும் மைக்கில் போயிற்று. யாரோ அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். சரஸ்வதியக்காதான் என்பது என் சந்தேகம். அத்தை சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் என் கைகளுக்கு அடியில் கொடுத்து, ஒரு இதழ்கூட உதிராமல் பூச்செண்டை வாங்கினார். எனக்குக் கை கிடைத்தது. போதகர் சொல்வதற்கு முன்பே ஜெபராஜின் கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். "ஒரு கை போதும்" என்றார் போதகர். நான் விடவில்லை.

அத்தை போய் உட்கார முடியவில்லை. கையைத் தளர்த்தினால் பூ கொட்டிவிடும். நூலுக்கும் அங்கே வழியில்லை. அதனால் ஜெபராஜ் பக்கத்திலேயே நின்றார். தாலி கட்டும்போது நின்றார், மோதிரம் மாற்றும்போது நின்றார், கையெழுத்துப் போடும்போது நின்றார். வெளியே நடந்தபோது மூன்று பேராக நடந்தோம். வீடியோக்காரர் பூ இருக்கிற பக்கமே விளக்கைப் பிடித்துப் பழகியவர். வழி முழுக்க அத்தை முகத்தில்தான் வெளிச்சம். நான் என்ன செய்தேன்? வெட்கப்பட வேண்டிய நேரத்தில் அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். தோள் இறங்கியிருந்தது. மணிக்கட்டு இடுப்பில் சாய்ந்திருந்தது. பூக்கள் எதிரே வருகிறவர்களைப் பார்த்தன. டேப் வைத்தால் பதினேழு இஞ்ச் இருந்திருக்கும்.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் அவரிடம் போனேன். வாயில் வந்தது வேறு. இவ்வளவு அழகாகப் பிடிக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டுவிட்டேன். அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க காலத்துல ஏது பூச்செண்டு? மூத்த மருமவ வந்ததுலருந்துதான் இந்த வழக்கம். காலையில கட்டி முடிச்சதும் கண்ணாடி முன்ன நின்னு பிடிச்சுப் பாத்தேன். ஒரு மூணு தரம் நடந்தும் பாத்தேன்." என் பக்கம் குனிந்து, "எவகிட்டயும் சொல்லிராத" என்றார். அப்போதுதான் அந்த முகம் இறங்கி வந்தது. (நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபராஜிடம் சொன்னேன், அவ்வளவுதான். இப்போது உங்களிடம்.)

ஆல்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் இன்றும் குழம்புகிறார்கள். எந்தப் படத்திலும் பூச்செண்டோடு கம்பீரமாக நிற்பது அத்தை. ஓரத்தில், கைக்கு வேலையில்லாமல், ஜெபராஜைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒருத்தி நிற்பாள். என் மகள் ஐந்து வயதில் அதைப் புரட்டிவிட்டு, அப்பா கல்யாணத்துக்கு நீயும் போயிருந்தியா என்று கேட்டாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பூச்செண்டு கட்டுவது அத்தைதான். வயதாகிவிட்டது, ஆனாலும் விட்டுக்கொடுப்பதில்லை. கட்டி முடித்துப் பெண் இருக்கும் அறைக்குக் கொடுத்து அனுப்புவதற்கு முன், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார்: "எஸ்தர் சாப்ட்டாச்சா?" இல்லை என்றால் பூ நகராது. போன மாதம் ஜெபராஜின் அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் பசியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முதலில் ஒரு தட்டில் நாலு இட்லி வந்தது. மாமியார் கண் முன்னால் நாலையும் தின்று முடித்த பிறகுதான் பூச்செண்டு பெண் இருந்த அறைக்குப் போயிற்று.